கண்ணில் படும் விலை, கைக்கு வரும் விலை

கவுன்டர் ஸ்ட்ரைக் ஸ்கின் சேர்ப்பதும் கைமாற்றுவதும்

நகை வாங்கிப் பழகிய வீடுகளில் ஒரு கணக்கு எல்லோருக்கும் தெரியும். சங்கிலி வாங்கும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம். அதே சங்கிலியை அடுத்த வாரம் விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் பணம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டில் துப்பாக்கிக்குப் போட்டு அழகு பார்க்கும் ஸ்கின்னுக்கும் இதே கணக்குதான். ஆனால் இங்கே செய்கூலியையும் சேதாரத்தையும் யாரும் பில்லில் எழுதிக் காட்டுவதில்லை. பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். வளாகத்தைச் சுற்றியுள்ள விடுதிகளிலோ அடுக்ககங்களிலோ தங்கிப் படிக்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதிய அத்தியாயம் இது. அவர் கையில் மாதச் செலவுக்கு வீட்டிலிருந்து வந்த பணம், போனில் யு.பி.ஐ., லேப்டாப்பில் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம். விளையாட்டையும் ஸ்டீமையும் நடத்தும் வால்வ் நிறுவனத்தின் சர்வர் சென்னையிலேயே இருப்பதால் ஆட்டம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. அடுத்து ஒரு நல்ல நைஃப் வேண்டும் என்று ஆசை.

ஆசையில் தவறில்லை, கணக்கில்தான் தவறு வரும். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் இரண்டு விலை உண்டு. திரையில் காட்டுவது ஒன்று. விற்று, கட்டணம் கழித்து, காத்திருந்து, ஏமாறாமல் தப்பித்தபின் உங்கள் கையில் நிற்பது இன்னொன்று. சேகரிப்பின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வாங்குவதற்கு முன்பே அளப்பதில் இருக்கிறது. அதனால் முதலில் ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் கண்ணில் படும் விலை, வலப்பக்கம் கைக்கு வரும் விலை. வலப்பக்கம் நிரம்பாத எதையும் வாங்காதீர்கள்.

எந்த விளையாட்டு ஸ்கின்னை விற்க முடியும்?

இதைக் கேட்காமல் இறங்குவதுதான் முதல் தவறு. வாலரன்ட்டில் வாங்கும் ஸ்கின் உங்கள் கணக்கோடு ஒட்டியது. இன்னொருவருக்கு மாற்ற வழியே இல்லை. பி.ஜி.எம்.ஐ.யிலும் ஃப்ரீ ஃபயரிலும் அரிய துப்பாக்கி ஸ்கின்னைத் தனியாக விற்க முடியாது என்பதால், சிலர் கணக்கையே விற்கிறார்கள். அது விதிமீறல். அதோடு, விற்றவர் பழைய மின்னஞ்சலையோ போன் எண்ணையோ வைத்துக் கணக்கைத் திரும்ப மீட்டுக்கொண்டால் வாங்கியவர் எங்கும் முறையிட முடியாது. இத்தகைய ஸ்கின்னுக்கு நோட்டின் வலப்பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதிவிடலாம். போட்டு ரசிக்கத்தான் வாங்குகிறேன் என்றால் அந்தப் பூஜ்யத்தால் குறைவொன்றுமில்லை. பூஜ்யம் என்று தெரியாமல் வாங்கினால்தான் நஷ்டம்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கில் நிலைமை வேறு. 2013 ஆகஸ்டில் வந்த ‘ஆர்ம்ஸ் டீல்’ அப்டேட்டோடு ஸ்கின், அது அடைபட்ட பெட்டியான கேஸ், பெட்டியைத் திறக்கும் கீ எல்லாம் அறிமுகமாயின. 2023 செப்டம்பரில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது பழைய ஸ்கின்கள் அப்படியே புதிய விளையாட்டுக்கு வந்து சேர்ந்தன. ஸ்டீம் மார்க்கெட்டில் விற்கலாம், நண்பரோடு ட்ரேட் செய்யலாம். ஆகவே இனி வரும் படிகள் எல்லாம் இந்த விளையாட்டை வைத்தே.

விலை எங்கிருந்து வருகிறது?

கோட்பாட்டை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். ஸ்கின்னால் குண்டு வேகமாகப் பாயாது, குறி தப்பாமல் விழாது. அதன் விலையை மூன்று விஷயங்கள் தாங்குகின்றன: அரிதாக இருப்பது, அதை விரும்பும் ஆட்கள் இருப்பது, இரண்டையும் நிறுவனம் அப்படியே விட்டுவைத்திருப்பது. மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். 2014-இல் ஹன்ட்ஸ்மேன் கேஸில் வந்த, எம்4ஏ4 துப்பாக்கிக்கான ‘ஹௌல்’ ஸ்கின்னின் ஓவியம் திருடப்பட்டது என்று தெரிந்ததும் வால்வ் அதைக் கேஸிலிருந்து நீக்கி, ஓவியத்தை மாற்றி, ‘கான்ட்ராபேண்ட்’ என்று தனி வகுப்பில் வைத்தது. துப்பாக்கி ஸ்கின்களில் அந்த வகுப்பில் இருப்பது இது ஒன்றுதான். விலை விண்ணைத் தொட்டது. 2025 அக்டோபரில் நேர்மாறாக நடந்தது. நைஃபுக்கு அடுத்தபடி அரிதான சிவப்பு வகை ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு நைஃபோ க்ளவ்ஸோ பெறலாம் என்று ஓர் அப்டேட் வந்தது. அதுவரை கேஸ் உடைத்தால்தான் கிடைக்கும் என்றிருந்த நைஃபுக்கு இன்னொரு வாசல் திறந்ததும் நைஃப்களின் விலை ஓரிரு நாளில் சரிந்தது, சிவப்பு ஸ்கின்களின் விலை எகிறியது. ஆக, அரிதாக இருப்பது பொருளின் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது நிறுவனத்தின் உத்தரவு. மாமல்லபுரத்தில் வாங்கிய கற்சிலை வாங்கியவருடைய சொத்து. செதுக்கிய சிற்பி நினைத்தாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டீம் ஒப்பந்தப்படி உங்களிடம் இருப்பதோ பயன்படுத்தும் உரிமம் மட்டும். நம் நாட்டிலேயே 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டு, 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. வரும்வரை, அதில் பணம் போட்டவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த பி.ஜி.எம்.ஐ.யும் 2022 ஜூலையில் ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பியது. இதனால் முதல் விதி: இழந்தால் மாதச் செலவு தடுமாறாத பணத்தை மட்டும் ஸ்கின்னில் போடுங்கள்.

முதல் வேலை: கணக்கைப் பூட்டுதல்

ஸ்கின் வாங்கியபின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

1. ஸ்டீம் கணக்குக்கென்று வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் வையுங்கள். அதோடு இணைந்த மின்னஞ்சலுக்கும் தனிக் கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும். மின்னஞ்சல் போனால் கணக்கும் போகும்.

2. போனில் ஸ்டீம் ஆப்பைப் போட்டு, மொபைல் ஆதென்டிகேட்டரை இயக்குங்கள். அது இல்லாமல் ட்ரேட் செய்தால் பொருள் 15 நாள் நிறுத்திவைக்கப்படும்.

3. மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி, போனிலிருந்து தனியாக வையுங்கள். போன் ரயிலில் தொலைந்தால் கணக்கைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

4. ‘ஸ்டீம் கார்டு’ (Steam Guard) என்ற பாதுகாப்பு ஏற்பாடு 15 நாளாவது இயங்கியிருக்க வேண்டும். ஸ்டீமில் பணம் கொடுத்து ஏதாவது வாங்கி ஏழு நாளாவது கடந்திருக்க வேண்டும். அதன்பிறகே மார்க்கெட் திறக்கும். புதிய கணக்கில் ‘அவசரமாக இன்றே வாங்கு’ என்று யார் சொன்னாலும் அது நடக்காத காரியம்.

5. ஸ்டீமின் ஏ.பி.ஐ. கீ பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேஸ் திறக்கும் கீ அல்ல இது; வேறொரு நிரல் உங்கள் ட்ரேட்களைக் கையாள இடம்கொடுக்கும் குறியீடு. நீங்கள் உருவாக்காத கீ அங்கே இருந்தால் உடனே நீக்கி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

குறிப்பு: பொதுக் கணினியிலோ கேமிங் சென்டரிலோ ஸ்டீமில் நுழைந்தால் ‘நினைவில் வை’ என்பதைத் தொடாதீர்கள், எழுந்திருக்குமுன் வெளியேறுங்கள். கூட்டாளிக்குக் கணக்கைக் ‘கொஞ்ச நேரம்’ கொடுப்பதும் இதில் சேரும்.

கேஸ் உடைக்காதீர்கள்

அரிய ஸ்கின்னுக்கு இரண்டு வழி: கேஸ் உடைத்து அதிர்ஷ்டத்தைப் பார்ப்பது, அல்லது வேண்டியதை நேராக விலைக்கு வாங்குவது. இரண்டாவதே சரி. இதற்கு அறநெறி பேசத் தேவையில்லை, எண்களே போதும். சீனச் சட்டத்தின் கட்டாயத்தால் 2017-இல் அங்கே வெளியிடப்பட்ட விவரப்படி, ஒரு கேஸில் நைஃப் போன்ற தங்கநிறப் பொருள் விழும் வாய்ப்பு 0.26 சதவீதம், சிவப்பு 0.64 சதவீதம், மிகச் சாதாரணமான நீலம் ஏறத்தாழ 80 சதவீதம். நைஃப் என்பது சுமார் 385 கேஸுக்கு ஒன்று. ஒரு கீயின் விலை 2.49 டாலர். 385 கீக்கு 959 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால்கூட 81,000 ரூபாயைத் தாண்டும். கேஸின் விலை தனி.

அவ்வளவு செலவழித்தாலும் நைஃப் உறுதியா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு கேஸும் தனித்தனிக் குலுக்கல். முந்தையது தோற்றதால் அடுத்தது ஜெயித்தாக வேண்டும் என்ற நியதி கிடையாது. 100 கேஸ் உடைத்தவருக்கு ஒரு நைஃபும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 77 சதவீதம். 385 உடைத்தபின்னும் அந்த வாய்ப்பு 37 சதவீதம். விழுந்த நைஃபும் நீங்கள் கேட்ட நைஃபாக இருக்காது. ‘முதல் கேஸிலேயே எடுத்தவர்கள் இருக்கிறார்களே’ என்று கேட்கலாம். இருக்கிறார்கள், லாட்டரியிலும் இருந்தார்கள். நைஃப் விழுந்தவர் ஸ்கிரீன்ஷாட் போடுகிறார். நீலம் விழுந்த எண்பது பேர் மூச்சு விடுவதில்லை. நம் கண்ணில் படுவது வென்றவர்களின் வரிசை மட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 2019 அக்டோபர் முதல், புதிதாக வாங்கும் கீயை விற்கவோ ட்ரேட் செய்யவோ முடியாது. கைமாறும் கீக்களில் ஏறத்தாழ எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கியவை என்று காரணம் சொல்லித்தான் வால்வ் இதைச் செய்தது. எனவே கீயை வாங்கிய நொடியிலேயே அதன் கைக்கு வரும் விலை பூஜ்யம்.

குறிப்பு: ப்ரைம் கணக்கில் ஆடுபவர்களுக்கு வாரம் ஒருமுறை நிலை உயரும்போது நான்கு பொருள்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரும். அதில் கேஸ் வந்தால் உடைக்காமல் மார்க்கெட்டில் விற்றுவிடுங்கள். சிறுதொகைதான், சேர்த்துவைத்தால் அதுவே முதல் ஸ்கின்னுக்கான மூலதனம்.

வாங்கும் வரிசை

1. விரும்புவதை முதலில் முடிவு செய்யுங்கள். அன்றாடம் கையில் எடுக்கும் துப்பாக்கி எது, அதற்கு எந்த நிறம், எவ்வளவு செலவு? மார்க்கெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு முடிவெடுத்தால் தொகை கூடிக்கொண்டே போகும்.

2. ஃப்ளோட் எண்ணைப் பாருங்கள். 0-இலிருந்து 1 வரையிலான இந்த எண்தான் தேய்மானத்தின் அளவு. 0.07 வரை ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்ட் டெஸ்டட், 0.45 வரை வெல் வோர்ன், அதற்குமேல் பேட்டில் ஸ்கார்ட். பெயரைவிட எண் முக்கியம்: 0.151 உள்ள ஃபீல்ட் டெஸ்டட், 0.149 உள்ள மினிமல் வேரிலிருந்து கண்ணுக்கு வேறாகத் தெரியாது. விலையில் மட்டும் ஒரு படி இறங்கியிருக்கும். போட்டு ஆடுவதற்கு வாங்குபவர் இந்த எல்லைக்கோட்டு ஸ்கின்களைத் தேட வேண்டும்.

3. அந்த ஸ்கின்னுக்கு அந்தத் தேய்மானம் உண்டா என்று சரிபாருங்கள். ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் தனி ஃப்ளோட் வரம்பு இருக்கிறது. ஏகே-47 ‘ரெட்லைன்’ 0.10-இல்தான் தொடங்குகிறது, அதில் ஃபேக்டரி நியூ என்பதே கிடையாது. ‘என்னிடம் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

4. பேட்டர்ன் எண்ணைப் பாருங்கள், ஆனால் அதற்குப் பணம் கொடுக்குமுன் இருமுறை யோசியுங்கள். ‘கேஸ் ஹார்டன்ட்’ போன்ற ஸ்கின்களில் பேட்டர்ன் எண்ணைப் பொறுத்து நீலம் கூடும், குறையும். ஏகே-47-இல் 661-ஆம் பேட்டர்ன் அதனால்தான் பெயர் பெற்றது. அந்தப் பேட்டர்னில் அரிய ஸ்டிக்கர்கள் ஒட்டிய ஒன்று 2024-இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் கைமாறியதாகச் செய்தி வந்தது. அந்தச் செய்தி 661-க்குத்தான் பொருந்தும். நீலம் நிறைந்த பேட்டர்னை ‘புளூ ஜெம்’ என்பார்கள்; ‘கிட்டத்தட்ட புளூ ஜெம்’ என்று விற்கப்படும் சாதாரணப் பேட்டர்னுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால், அதே கூடுதலைத் தரும் இன்னொருவரை நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டும்.

5. ஒட்டிய ஸ்டிக்கருக்கு முழு விலை தராதீர்கள். துப்பாக்கியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்தெடுத்து விற்க முடியாது. ஆகவே அதன் மதிப்பு தனி ஸ்டிக்கர் விலையில் ஒரு பங்குதான். மலிவான ஸ்டிக்கரென்றால் அந்தப் பங்கும் இல்லை.

6. வாங்குமுன் விளையாட்டுக்குள்ளேயே ‘இன்ஸ்பெக்ட்’ செய்து பாருங்கள். படம் அனுப்பினார் என்பது ஆதாரமாகாது.

7. மூன்று மாத விற்பனை வரைபடத்தைப் பாருங்கள். விலையோடு ஒரு நாளில் எத்தனை விற்கிறது என்பதையும் கவனியுங்கள். தினம் நூற்றுக்கணக்கில் கைமாறும் ஸ்கின்னை நாளைக்கே விற்றுவிடலாம். மாதம் ஒன்று விற்கும் பொருளுக்குக் காட்டும் விலை வெறும் ஆசை விலை.

பொதுவான ஒரு தவறெண்ணம்: ஆட ஆட ஸ்கின் தேயும் என்பது. தேயாது. பொருள் உருவாகும்போது விழுந்த ஃப்ளோட் எண் கடைசிவரை அதேதான். ஆகவே ‘பயன்படுத்தாத ஸ்கின்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவர் விஷயம் தெரியாதவராக இருப்பார், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பவராக இருப்பார்.

செய்கூலி, சேதாரம்: விற்கும் கணக்கு

ஸ்டீம் மார்க்கெட்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் பொருளுக்குக் கட்டணம் 15 சதவீதம். ஸ்டீமுக்கு 5, விளையாட்டுக்கு 10. வாங்குபவர் 1,150 ரூபாய் கொடுத்தால் விற்பவருக்கு 1,000 வரும். நீங்கள் 1,150-க்கு வாங்கிய ஸ்கின்னில் நஷ்டமில்லாமல் வெளியேற வேண்டுமானால், இன்னொருவர் அதற்கு ஏறத்தாழ 1,322 கொடுக்க வேண்டும். விலை 15 சதவீதம் ஏறியபிறகுதான் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வருகிறீர்கள். தவிர, அந்த 1,000 ரூபாயும் ஸ்டீம் வாலட்டில்தான் விழும். அதை வங்கிக்கு மாற்ற முடியாது; விளையாட்டு வாங்கலாம், வேறு ஸ்கின் வாங்கலாம், மெஸ் பில் கட்ட முடியாது. மிக உயர்ந்த விலையுள்ள பொருளை அங்கே பட்டியலிடவும் முடியாது, ஏனென்றால் ஒரு பொருளுக்கு உச்ச வரம்பு இருக்கிறது.

வெளிச் சந்தைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். சி.எஸ். ஃப்ளோட், ஸ்கின்போர்ட் போன்றவற்றில் கட்டணம் குறைவு, கிடைப்பதும் ரொக்கம். ஆனால் அங்கே விலையும் பொதுவாக ஸ்டீமைவிடக் குறைவு. அதாவது சந்தையே இரண்டு பத்தி போட்டு வைத்திருக்கிறது: வாலட்டில் அடைபட்ட பணத்துக்கு ஒரு விலை, கையில் எடுக்கும் பணத்துக்கு ஒரு விலை. உங்கள் இன்வென்டரியின் மொத்த மதிப்பு என்று ஏதாவது தளம் ஒரு பெரிய தொகையைக் காட்டினால், அது எந்த விலையில் போட்ட கணக்கு என்று முதலில் கேளுங்கள். ரொக்க விலையைப் பிடித்து, அதிலிருந்து தளத்தின் கட்டணம், நாணயம் மாற்றும் செலவு, வங்கிக் கழிவு எல்லாவற்றையும் எடுத்தபின் நிற்பதுதான் வலப்பக்கத்துக்குரிய எண். வெளியே நடக்கும் ரொக்கப் பரிமாற்றத்தை வால்வ் அங்கீகரிப்பதில்லை. சிக்கல் வந்தால் ஸ்டீம் உதவி மையம் பொறுப்பேற்காது என்பதையும் அந்தப் பத்தியின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

விடுதிக்குள் யு.பி.ஐ. ட்ரேட்

பக்கத்து அறை நண்பரிடம் யு.பி.ஐ.யில் பணம் போட்டு ஸ்கின் வாங்குவது கட்டணமில்லாத எளிய வழியாகத் தோன்றும். 2025 ஜூலைக்குப் பிறகு அதில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. கணக்கு திருடப்பட்டவர்களைக் காப்பதற்காக வால்வ் ‘ட்ரேட் பாதுகாப்பு’ கொண்டுவந்தது. ட்ரேட்டில் வந்த பொருளை ஏழு நாள் வேறு யாருக்கும் மாற்ற முடியாது. அந்த ஏழு நாளுக்குள் கொடுத்தவர் தன் ட்ரேட்களைத் திருப்பியெடுக்கலாம். அப்படி எடுத்தால் அவருக்கு 30 நாள் ட்ரேட், மார்க்கெட் இரண்டும் கிடையாது. திருடனிடமிருந்து மீட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளையும் திருப்பியெடுக்க நினைப்பவருக்கும் இதே பொத்தான் உதவும்.

1. தெரிந்தவரானாலும் பொருள், ஃப்ளோட், பேட்டர்ன், தொகை, தேதி ஐந்தையும் வாட்ஸ்அப்பில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

2. பொருள் முதலில் நகரட்டும். பணம், இருவருக்கும் நேரில் தெரிந்த மூன்றாமவரிடம் ஏழு நாள் இருக்கட்டும். இணையத்தில் மட்டும் அறிமுகமான ‘மிடில்மேன்’ இதற்கு ஆகாது. அது தனியே ஒரு மோசடி வகை.

3. பாதுகாப்புக் காலம் முடிந்தது என்று இன்வென்டரியில் தெரிந்தபின் பணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

4. விற்பவராக இருந்தால், வாங்குபவரின் பெயரிலுள்ள கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். வேறு யார் பெயரிலிருந்தோ வந்தால் ஏற்காதீர்கள். அது ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணமாக இருந்து, அவர் புகார் கொடுத்தால், உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம்.

5. பிறருக்காகப் பணத்தை வாங்கி மாற்றிக்கொடுக்க உங்கள் கணக்கை ஒருபோதும் தராதீர்கள். கமிஷன் சிறிது, வழக்கு பெரிது.

நான்கு மோசடிகள், ஒரே சாவி

போலி நுழைவுப் பக்கம் முதலாவது. ‘எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடு’, ‘இந்த டோர்னமென்ட்டில் பதிவு செய்’ என்று வரும் இணைப்பைத் தொட்டால் ஸ்டீம் போலவே ஒரு சாளரம் திறந்து கடவுச்சொல் கேட்கும். அது பெரும்பாலும் பக்கத்துக்குள் வரைந்த படம்; உலாவியின் எல்லைக்கு வெளியே அதை இழுத்துப் பாருங்கள், வராது. இரண்டாவது ஏ.பி.ஐ. மோசடி. நுழைவு விவரத்தைத் திருடியவர் பொறுமையாகக் காத்திருப்பார். நீங்கள் உண்மையான ட்ரேட் அனுப்பியதும் அதை ரத்து செய்துவிட்டு, அதே பெயரும் படமும் கொண்ட போலிக் கணக்குக்கு இன்னொன்றை உண்டாக்குவார். போனில் உறுதிசெய்யும்போது பெயரைப் பார்க்காமல், எதிர்க் கணக்கு எந்த ஆண்டு சேர்ந்தது, நிலை என்ன என்பதைப் பாருங்கள். மூன்றாவது, ‘தவறுதலாக உங்கள் கணக்கைப் புகார் செய்துவிட்டேன், ஸ்டீம் அதிகாரியிடம் பேசுங்கள்’ என்பது. ஸ்டீம் ஊழியர் யாரும் சாட்டில் வந்து ஸ்கின்னை ‘சரிபார்க்க’ அனுப்பச் சொல்வதில்லை. நான்காவது, ட்ரேட் சாளரத்தில் கடைசி நேரத்தில் அதே தோற்றமுள்ள மலிவான பொருளை மாற்றி வைப்பது.

நான்கும் திறப்பது ஒரே சாவியால்: அவசரம். ஆகவே தற்காப்பும் ஒன்றுதான். உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துமுன் போனை வைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்து எடுத்து, பொருள், எண், எதிர்க் கணக்கு மூன்றையும் மீண்டும் படியுங்கள். பொருள் போய்விட்டால் முதலில் ஏழு நாளுக்குள் திருப்பியெடுங்கள். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தால் பணம் பல கணக்கு தாண்டிவிடும்.

ஸ்கின் வைத்து ஆடும் சூது

ஸ்கின்னைப் பணயமாக வைத்து ரூலட், காயின் ஃபிளிப், ஆட்டப் பந்தயம் நடத்தும் தளங்கள் சேகரிப்பின் பகுதியல்ல. 2016 ஜூலையிலேயே இத்தகைய தளங்களுக்கு வால்வ் நிறுத்தக் கடிதம் அனுப்பியது. பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2018-இல் எடுத்த நடவடிக்கையால் அங்கே கேஸ் உடைப்பதே நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்ததோடு, பணத்துக்கு ஈடாக மாற்றத்தக்க டோக்கன், மெய்நிகர் பொருள் ஆகியவற்றையும் ‘பணயம்’ என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தது. ‘பணமா வைத்தேன், ஸ்கின்தானே’ என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. சூது இல்லாமல் ஸ்கின் விற்று ரொக்கமாக லாபம் பார்த்தால், அதுவும் வரிக் கணக்கில் காட்ட வேண்டிய வருமானம்தான். தேதி, தொகை, வாங்கிய விலை மூன்றையும் நோட்டில் வைத்திருந்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

‘விலை ஏறத்தானே செய்கிறது?’

இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2013 முதல் பல ஆண்டுகள் பல ஸ்கின்களின் விலை ஏறியது உண்மை. நிறுத்தப்பட்ட பழைய கேஸ்களை வைத்திருந்தவர்கள் லாபம் பார்த்ததும் உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தைப் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது ஏறியவை மட்டுமே நினைவில் நிற்கின்றன. அதே ஆண்டில் வாங்கி அப்படியே கிடக்கும் பொருள்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பங்கு வாங்கினால் பின்னால் ஒரு தொழிலும் அதன் வருமானமும் இருக்கின்றன. ஸ்கின்னுக்குப் பின்னால் அடுத்து வாங்குபவரின் ஆசை மட்டும்தான். 2025 அக்டோபரில் நைஃபை முதலீடாக வைத்திருந்தவர்கள் யாரையும் கேட்காமல் ஓர் அப்டேட் வந்து அந்த ஆசையைத் திருப்பிவிட்டது. முதலீடு என்று நினைத்தவருக்கு அது இடி. போட்டு ஆடுவதற்காக வாங்கியவருடைய கையில் அன்றைக்கும் அதே நைஃப்தான் சுழன்றது.

அப்படியானால் எதற்கு வாங்க வேண்டும்? பிடித்திருப்பதால். பிடித்த பொருளுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி ரசிப்பதற்கான செலவு, மீதி திரும்பக் கிடைக்கக்கூடிய தொகை. சினிமா டிக்கெட்டில் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. நல்ல ஸ்கின்னில் கணிசமாகக் கிடைக்கும். இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டு கொடுப்பவர் ஏமாறவும் மாட்டார், விலை சரிந்த நாளில் தூக்கம் இழக்கவும் மாட்டார். கைக்கு வரும் விலையைக் கணக்கிடுவது வியாபாரியாவதற்கு மட்டும் அல்ல. நிம்மதியாகச் சேகரிப்பதற்கும் அதுதான் வழி.

வாங்குமுன் நோட்டில் நிரப்ப வேண்டியவை

1. கண்ணில் படும் விலை எவ்வளவு?
2. ரொக்கமாக வெளியே எடுத்தால், எல்லாக் கழிவும் போக எவ்வளவு?
3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, இந்த ஸ்கின்னோடு ஆடும் சந்தோஷத்துக்காகக் கொடுக்கச் சம்மதமா?
4. ஒரு நாளில் இது எத்தனை விற்கிறது? ஒரு வாரத்தில் விற்றாக வேண்டுமென்றால் முடியுமா?
5. ஃப்ளோட், பேட்டர்ன், ஸ்டிக்கர் மூன்றையும் நானே இன்ஸ்பெக்ட் செய்து பார்த்தேனா?
6. இந்தப் பணம் முழுவதும் போனாலும் மாதக் கடைசியில் வாடகையும் மெஸ் பில்லும் கட்ட முடியுமா?

மூன்றாவது கேள்விக்கும் ஆறாவது கேள்விக்கும் ‘ஆம்’ என்று எழுத முடிந்தால் வாங்குங்கள். எழுதக் கை தயங்கினால் அன்றைக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு, இருக்கும் துப்பாக்கியோடு ஒரு மேட்ச் ஆடுங்கள். ஸ்கின் இல்லாத ஏகேயும் அதே இடத்தில்தான் சுடும்.